கோட்டைக்கு வெளியே இருபது நாள்



பயணக் கட்டுரை என்றவுடன் பினாங்குக் கொடிமலை ரயிலையும் கேமரன் மலைத் தேயிலையையும் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் போய் வந்த நாட்டுக்கு ரயில் கிடையாது. கடப்பிதழும் யாரும் கேட்கமாட்டார்கள். என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தபடியே இருபது நாள் அங்கே அலைந்துவிட்டு வந்தேன். அந்த நாட்டின் பெயர் 'இடை நிலங்கள்'. 'எல்டன் ரிங்' என்னும் வீடியோ விளையாட்டுக்குள் அது இருக்கிறது.

"வாத்தியாருக்கு என்ன வந்தது?" என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளிக்க உங்களுக்கு உரிமை உண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுண்ணக்கட்டி பிடித்தவன் நான். பெற்றோர் கூட்டங்களில், "விளையாட்டுப் பெட்டியை விற்றுவிட்டு அகராதி வாங்கிக் கொடுங்கள்" என்று முழங்கிக் கைதட்டல் வாங்கியவனும் நானே. அப்படிப்பட்டவன் எப்படி அந்த நாட்டுக்குப் போனேன்? அதைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

என் மூத்த மகன் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றுப் பாடத்தில் தவறிவிட்டான். வரலாற்றில் தேறாவிட்டால் முழுச் சான்றிதழே கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். வாத்தியார் மகன் தவறினான் என்றால் தோட்டத்தில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? "மறுபடி எழுது, மறுபடி எழுது" என்று காலையும் மாலையும் நான் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குப் போனான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று வாங்கி வந்தான். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவனுக்கும் எனக்கும் இருந்த பேச்சு, "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்" என்பதோடு சரி.

எல்டன் ரிங் உலகமெங்கும் வெளியான நாள் 2022 பிப்ரவரி 25. எங்களுக்குப் பள்ளி ஆண்டு முடிந்து நீண்ட விடுமுறை தொடங்கிய நேரம். அன்றைக்கு மறுநாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லலாம் என்று கூடத்துக்கு வந்தேன். திரையில் 'மாண்டாய்' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள் எழுந்தன. மகன் சிறிதும் கலங்காமல் மறுபடி தொடங்கினான். சற்று நேரத்தில் மறுபடியும் அதே எழுத்துகள்.

"எத்தனை தடவை ஆச்சு?" என்று கேட்டேன்.

"முப்பது இருக்கும்பா."

ஒரே பாடத்தில் ஒரே முறை தவறிவிட்டு அந்தப் பக்கமே திரும்பாதவன், இங்கே முப்பது முறை செத்துப் பிழைக்கிறான். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை விட அதிகமாக ஆச்சரியம் வந்தது. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "நீங்களே வேணும்னா புதுசா ஒன்னு ஆரம்பிச்சுப் பாருங்கப்பா" என்று கண்ட்ரோலரை நீட்டினான். பல மாதங்களுக்குப் பிறகு அவனாக என்னிடம் பேசிய வார்த்தை அது. மறுக்க மனம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன ஆசிரியர்

கதை இதுதான். அந்த நாட்டைக் கட்டிக் காத்த 'எல்டன் ரிங்' என்னும் பெரும்பொருள் உடைந்து சிதறிப் போயிற்று. அரசி மரிக்காவின் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் போரிட்டு நாட்டைப் பாழாக்கிவிட்டார்கள். முன்பு அருளொளி இழந்து நாட்டைவிட்டு வெளியேறிய கூட்டத்தில் ஒருவன் திரும்பி வருகிறான். அந்த ஒருவன்தான் நாம்.

வந்து இறங்கியவுடனே பல கைகள் ஒட்டிய கோர உருவம் ஒன்று பாய்கிறது. நான் இரண்டே அடியில் மாண்டேன். "பயப்படாதீங்க, அங்கே எல்லாரும்தான் சாவாங்க" என்றான் மகன். கண் விழித்தால் பாழடைந்த இடுகாடு. அங்கே நாற்காலியில் ஓர் ஆவி உட்கார்ந்து, அருகிலிருக்கும் பள்ளத்தில் குதித்துக் கற்றுக்கொள் என்கிறது. நானோ பள்ளத்தைக் கண்டு ஒதுங்கிப் படியேறிவிட்டேன். மகன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தப் பள்ளத்தின் பெயர் 'அறிவுக் குகை'யாம். வாள் வீசவும் கேடயம் பிடிக்கவும் சொல்லிக் கொடுக்கும் இடமாம். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன ஆசிரியர் என்ற பட்டம் அன்றிரவே எனக்குக் கிடைத்தது. திரும்பிப் போய்க் குதித்துப் படித்துவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு பெரிய கதவைத் தள்ளித் திறந்தேன். வாசகர்களே, அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன். பொன்னாலான பெருமரம் ஒன்று வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எர்ட் மரம் என்று அதற்குப் பெயர். அதன் ஒளியில் புல்வெளி அசைகிறது. இடிந்த சுவர்கள், தூரத்தில் ஒரு கோட்டை, கீழே கூரையில்லாத தேவாலயம். அந்தப் பகுதிக்கு லிம்கிரேவ் என்று பெயர். கண்ணில் படுகிற இடத்துக்கெல்லாம் பெரும்பாலும் நடந்தே போகலாம் என்றான் மகன். இன்னின்ன வேலையைச் செய் என்ற பட்டியல் இல்லை. வரைபடமும் முதலில் வெறுமையாகத்தான் இருக்கும். வழியோரக் கற்றூண்களின் அடியில் கிடக்கும் துண்டுகளைத் தேடி எடுத்தால்தான் அந்தந்தப் பகுதி துலங்கும்.

பாதையில் பொற்கவசக் குதிரை மேல் பொற்கவச வீரன் ஒருவன் உலாவிக்கொண்டிருந்தான். முதல் பகைவன் முன்னால் நிற்கிறான் என்றால் அவனை வென்றுதானே மேலே போக வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மூச்சு விடும் நேரத்தில் முடித்துவிட்டான். மறுபடி போனேன்; மறுபடி முடித்தான்.

"அப்பா, அவன்கிட்ட இப்ப மோதாதீங்க. புல்லுக்குள்ள ஒதுங்கி அந்தப் பக்கமா போங்க. அப்புறமா வந்து பாத்துக்கலாம்."

சரி என்று ஒதுங்கிப் போனேன். அந்த வார்த்தையின் பொருள் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மழையில் போன பால்

அந்த நாட்டின் சட்டங்களைச் சொல்கிறேன், கேளுங்கள். பகைவரை வீழ்த்தினால் 'ரூன்' கிடைக்கும். அதுவே அங்குக் காசு. வலிமையைக் கூட்டிக்கொள்ள முதலும் அதுதான். மாண்டுபோனால் கையிலிருந்த ரூன் முழுவதும் மாண்ட இடத்திலேயே கிடக்கும். பிழைத்தெழுந்து அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் மறுபடி மாண்டால் முன்பு கிடந்தது அடியோடு போயிற்று.

எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனைதான். ஆனால் ரப்பர் காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து நிரை வெட்டி, மங்குகளில் பால் நிறையும் நேரத்தில் மழை கொட்டினால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் பாடுபட்டுச் சேர்த்த ரூனை ஒரு பள்ளத்தில் தொலைத்த இரவில், என் அம்மா வெறும் வாளியோடு திரும்பி வந்த காலைகள் என் நினைவுக்கு வந்தன. மறுநாள் அதே உளியை எடுத்துக்கொண்டு அவர் போனதும் நினைவுக்கு வந்தது.

ஆங்காங்கே தரையில் பொன்னிறமாகச் சுடர்விடும் ஒளி இருக்கும். அங்கே உட்கார்ந்து இளைப்பாறலாம். சேர்த்த ரூனைக் கொண்டு வலிமை பெறலாம். சில இடங்களில் அந்த ஒளியிலிருந்து ஒரு கீற்று எழுந்து, போகவேண்டிய திசையைக் காட்டும். ஆனால் இளைப்பாறி எழுந்தால் வீழ்ந்த பகைவரும் எழுந்துவிடுவார்கள், வெட்ட வெட்ட முளைக்கும் லாலாங் புல்லைப் போல. எளிதாக்கிக் கொள்ளும் வசதி மற்ற விளையாட்டுகளில் உண்டாம். 'சுலபம், நடுத்தரம், கடினம்' என்று தேர்ந்தெடுத்துக் கொள்ளலாமாம். இதில் அதுவும் கிடையாது. பெரியவர், சிறியவர், கைதேர்ந்தவர், கை நடுங்குபவர் எல்லாருக்கும் ஒரே நாடு, ஒரே பகைவர்.

இப்படி ஒரு கொடுமையை யார் உண்டாக்கினார்கள் என்று விசாரித்தேன். ஜப்பானில் 1986இல் தொடங்கிய ஃபிரம்சாஃப்ட்வேர் என்ற நிறுவனம். தலைமை ஏற்று அமைத்தவர் ஹிடெட்டகா மியாசாக்கி. நாட்டின் பழங்கதையை எழுதிக் கொடுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்.

மியாசாக்கியின் கதை நம் பிள்ளைகள் கேட்க வேண்டியது. வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். நூலகத்தில் எடுத்த புத்தகங்களில் பாதி புரியாதாம். புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்துத் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். அவர் அமைத்த நாடுகளில் எதுவுமே முழுதாகச் சொல்லப்படாமல், நாமே பொருத்திப் பார்க்கும்படி விட்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். முதலில் வேறொரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், முப்பதை நெருங்கும் வயதில் 2004இல்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். தேறாது என்று கருதப்பட்ட ஒரு விளையாட்டை எடுத்துச் சீர்செய்தார். 2009இல் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' அதுதான். 2014இல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார்.

முகம் தெரியாத வழித்துணை

தனியாகத்தான் நடக்கிறோம், ஆனாலும் தனிமை தெரிவதில்லை. உலகத்தின் ஏதோ மூலையில் இதே விளையாட்டில் இருப்பவர்கள் தரையில் குறிப்பு எழுதிவிட்டுப் போகிறார்கள். விரும்பியதை எழுத முடியாது. கொடுத்திருக்கும் சொற்களை மட்டும் கோத்து எழுதவேண்டும். அதனால் மொழிப்பாடத்தில் வாக்கியம் அமைக்கும் பயிற்சி போல வேடிக்கையாக இருக்கும். 'முன்னால் ஆபத்து', 'மேலே பார்' என்ற குறிப்புகள் என்னைப் பல முறை காப்பாற்றின. ஆமையைக் கண்ட இடத்திலெல்லாம் 'நாய்' என்று எழுதி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, எல்லாரும் சிரிக்கிறார்கள். மலை விளிம்பில் 'குதித்துப் பார்' என்று எழுதியிருந்ததை நம்பிக் குதித்து மாண்டேன். நல்லவர்களும் குறும்பர்களும் கலந்ததுதானே ஊர்!

ஒருவர் எழுதிய குறிப்பை நாம் 'நன்று' என்று பாராட்டினால், எழுதியவர் அப்போது விளையாடிக்கொண்டிருக்கும் பட்சத்தில் அவருடைய காயம் ஆறிவிடும். எங்கோ அவர் உயிர் போகும் நிலையில் போராடிக்கொண்டிருக்கலாம். நாம் இங்கே ஒரு நன்றி சொன்னதால் பிழைத்துக்கொள்வார். இதைக் கேட்டபோது, வகுப்பில் நான் எத்தனை பிள்ளைகளிடம் 'நன்று' என்ற சொல்லைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தேன் என்று எண்ணிக்கொண்டேன்.

கோடிக்கணக்கானோர் அந்த நாட்டுக்குப் போனார்கள். வெளியாகி மூன்று வாரம் ஆவதற்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றன. 2024 ஜூனுக்குள் இரண்டரைக் கோடியை எட்டியது. 2022 டிசம்பரில் நடந்த 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் கிடைத்தது.

மூன்றாம் நாள் மெலினா என்ற பெண் தோன்றி, கூப்பிட்டால் வரும் குதிரை ஒன்றைக் கொடுத்தாள். அதன் பெயர் டொரண்ட். அதன் மேலேறி ஏரியில் போனால் வானத்திலிருந்து பறவை நாகம் இறங்கி நெருப்பைக் கக்கியது. தப்பியோடி ஒரு பாழ்மனையின் நிலவறைக்குள் புகுந்தால் அங்கே ஒரு பெட்டி. பேராசையோடு திறந்தேன். புகை சூழ்ந்தது, கண் திறந்தால் ஏதோ சுரங்கம்! தட்டுத் தடுமாறி வெளியே வந்தால் வானம் இரத்தச் சிவப்பு, மண் அழுகல். கேலிட் என்னும் கொடுநிலமாம் அது. இரண்டு பெரும் வீரர்கள் மோதிய போரில் பரவிய நோய் அந்தச் சீமையையே தின்றுவிட்டதாம். யாரோ இருவர் சண்டைக்கு ஒரு நாட்டு மண்ணே பலியாவது விளையாட்டில் மட்டுமா நடக்கிறது?

இன்னொரு நாள் காட்டுக்குள் ஒரு கல் மண்டபம். உள்ளே மேடையில் ஏறி நின்றால் அது கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. என் துணைவியார்கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். அடியில் போய் நின்றால் ஓர் ஆறு. தலைக்கு மேல் பாறை இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரம் நிறைந்த வானம்! "பூமிக்குள்ளே எப்படி வானம்?" என்றார் அவர். மூவரும் பதில் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கூடத்தில் மூவரும் சேர்ந்து ஒன்றைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்புறம்தான் தோன்றியது.

கதவை அடைத்து நின்றவன்

லிம்கிரேவின் வடக்கே மலை மேல் ஸ்டார்ம்வெயில் கோட்டை. அதற்குப் போகும் வழியை மறித்து நிற்பவன் மார்கிட். கொம்பு முளைத்த பெரிய உருவம்; கையில் தடி. அவனுடைய சூழ்ச்சி என்னவென்றால், தடியை ஓங்குவான். அடி விழப்போகிறது என்று நாம் உருண்டு விலகுவோம். அவனோ ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி, நாம் எழுந்து நிற்கும் நேரம் பார்த்து அடிப்பான். அவசரக்காரர்களுக்கென்றே பிறந்தவன்.

நான்கு நாள் நான் அவனோடு மல்லுக்கு நின்றேன். காலையில் நான்கைந்து முறை, மகன் வேலைக்குப் போன பிறகு பத்து முறை, இரவில் பத்து முறை. விடாமுயற்சி என்ற தலைப்பில் எத்தனை கட்டுரை எழுத வைத்திருக்கிறேன்! இந்தக் கதவைத் திறக்காமல் வேறெங்கும் போவதில்லை என்று சபதம் செய்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் முன்பை விட மோசமாகத்தான் தோற்றேன். கோபம் ஏற ஏறக் கை தவறியது.

நான்காம் நாள் இரவு ஷிப்டு முடிந்து வந்த மகன் காலணியைக் கழற்றியபடியே கேட்டான்:

"இன்னும் அங்கேயேவா நிக்கிறீங்க?"

"விடறதா இல்ல தம்பி."

"ஏம்பா, வேற எடமே இல்லையா? தெக்கே முழுசாக் கெடக்குது. அங்கே போய்ச் சுத்திட்டுக் கொஞ்சம் பலமாகி வாங்களேன்."

"பயந்து ஓடச் சொல்றியா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "ஓடுறது இல்லப்பா. போயிட்டு வர்றது."

அவன் விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான் என்று உங்களிடம் நான் சாதிக்க முடியாது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்பது மாதமாக அவனை ஒரே கதவின் முன்னால் நிறுத்தி வைத்து, காலையும் மாலையும் "மோது, மோது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தானே? அவன் தொழிற்சாலைக்குப் போனதை ஓட்டம் என்று நான் எழுதிவைத்துவிட்டேன். போயிட்டு வரத்தான் போனானோ என்னவோ, நான் கேட்டதே இல்லை.

அழுகைத் தீபகற்பம்

மறுநாள் தெற்கே திரும்பினேன். அங்கே ஒரு பாலத்தைக் கடந்தால் ஓயாமல் மழை பெய்யும் நிலம். பெயரே 'அழுகைத் தீபகற்பம்'. வழியோரம் கண் தெரியாத பெண்ணொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஐரீனா என்று பெயர். மோர்ன் கோட்டையில் அடிமைப்பட்டிருந்தவர்கள் கலகம் செய்ததால் தப்பி வந்தவள். கோட்டைத் தலைவரான அவளுடைய தகப்பன் எட்கர் மட்டும் வெளியேற மறுத்து அங்கேயே இருந்துவிட்டார். கடிதம் ஒன்றைக் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொன்னாள்.

மழையில் குதிரையை ஓட்டி, கோட்டைக்குள் புகுந்து, மதில் மேல் இருந்த எட்கரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். மகளை நினைத்து உருகினார். ஆனால் உடனே புறப்படவில்லை. கோட்டையின் பரம்பரை வாளைக் காப்பது தன் கடமை, அது முடியாமல் இடத்தை விட்டு நகர முடியாது என்றார். சரி, அவர் கடமையை நாமே முடித்துக் கொடுப்போம் என்று கீழே இறங்கிப் பலமுறை மாண்டு, ஒருவழியாக அங்கிருந்த சிங்கமுகப் பகைவனை வென்று வாளை மீட்டேன். 'இனி மகளிடம் போகலாம்' என்று எட்கர் சொன்னார். நானும் மகிழ்ச்சியோடு முன்னால் திரும்பி வந்தேன்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் உடல் கிடந்தது. பிறகு எட்கரும் வந்து சேர்ந்தார். மகளின் அருகில் உட்கார்ந்து புலம்பினார்.

வாசகர்களே, வெறும் பொம்மைப் படம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்குக் கண்ட்ரோலரைப் பிடிக்க முடியவில்லை, கீழே வைத்துவிட்டேன்.

2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக ஆண்டுதோறும் மாலை வகுப்பு நடத்தியவன் நான். ஊரார் பிள்ளைகளை இரவு எட்டு மணி வரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். ஆறு வயது, ஏழு வயதில் என் மகன் புத்தகப் பையோடு பள்ளித் தாழ்வாரத்தில் காத்திருப்பான். "இதோ வந்துவிட்டேன்" என்பேன். பல நாள் அங்கேயே தூங்கிவிடுவான். தோளில் போட்டுக்கொண்டு வருவேன். என் வகுப்புப் பிள்ளைகள் தேறினார்கள், மாலையும் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை; அது என் கடமை. ஆனால் மதில் மேல் நின்ற அந்தத் தகப்பனை எனக்கு நன்றாகத் தெரியும். கடமை முடிந்து வரும்போது, பிள்ளை உட்கார்ந்திருந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

அன்றிரவு மகன் வரும்வரை விழித்திருந்தேன். ஐரீனாவைப் பற்றிச் சொன்னேன். "ஆமாப்பா, அது ரொம்பப் பாவம்" என்றான். பிறகு நான் கேட்டேன்: "தொழிற்சாலையிலே உனக்கு என்ன வேலை, தம்பி?" ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். அவன் இரவு ஒரு மணி வரை சொல்லிக்கொண்டிருந்தான். இரும்பு ஒட்டும் பகுதியில் வேடிக்கை பார்ப்பானாம். அதைக் கற்றுக்கொள்ள ஆசையாம். நான் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலிருந்தது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியராக இருப்பவர்களுக்குத்தான் புரியும்.

திரும்பி வந்தபோது

பதினெட்டாம் நாள் மார்கிட்டின் முன்னால் மறுபடி நின்றேன். அதே தடி, அதே சூழ்ச்சி. ஆனால் நான் பழைய ஆளில்லை. மழைநிலத்தில் அலைந்ததில் உடம்பில் தெம்பு ஏறியிருந்தது. அவன் கை நிற்கும்போது நானும் நிற்கக் கற்றிருந்தேன். ஆறாவது முயற்சியில் விழுந்தான். மகன் எழுந்து நின்று கைதட்டினான். பெற்றோர் கூட்டத்தில் வாங்கிய கைதட்டலெல்லாம் இதற்கு முன் நில்லாது.

அப்புறம் அவன் ஒரு செய்தி சொன்னான். கோட்டையின் பக்கவாட்டில் மலை விளிம்பையொட்டி ஒரு வழி இருக்கிறதாம். அதைக் கண்டுபிடித்தவர்கள் மார்கிட்டையும் வெல்லாமல், கோட்டைக்குள்ளும் நுழையாமல், அந்தப் பக்கத்து ஏரி நாட்டுக்கே போய்விடலாமாம். நான்கு நாள் தலையை முட்டிக்கொண்டேனே, அதற்குப் பத்தடி தள்ளி வழி இருந்திருக்கிறது என்று சிரித்தோம்.

இருபதாம் நாள் விடுமுறை முடிந்தது. நானும் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினேன்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வெளியானபோது ஏறக்குறைய 60 அமெரிக்க வெள்ளி விலை. தோட்டத்துச் சம்பளத்தில் அது சின்னத் தொகையல்ல. வெட்டும் இரத்தமும் கோர உருவங்களும் உண்டு. ஐரோப்பாவில் 16 வயதுக்கும் அமெரிக்காவில் 17 வயதுக்கும் மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். நேரத்தை விழுங்கும் என்பதற்கு நானே சாட்சி. இருபது நாளில் ஒரு கட்டுத் தாளும் திருத்தவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒருவன் அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தால், அணைக்கப் போகுமுன் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எங்கே நிற்கிறாய், யார் வழியை மறிக்கிறான் என்று கேளுங்கள். பதில் சொல்வான்.

என் மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அந்த ஆண்டே அவன் பரீட்சை எழுதவில்லை. வெல்டிங் பயிற்சிக்குப் போனான். கையில் ஒரு தொழில் வந்தது. 2023இல் தானாகவே வரலாற்றுத் தாளை எழுதினான். பெருமையாகச் சொல்லும்படியான மதிப்பெண் இல்லை, தேறினான், அவ்வளவுதான்.

2024 ஜூனில் அந்த நாட்டோடு இன்னொரு புது நிலத்தைச் சேர்த்து வெளியிட்டார்கள். அப்போது அவன் ஜொகூரில் வேலையில் இருந்தான். வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அப்பா, புது எடம் தெறந்திருக்காங்க. முன்னதை விடக் கஷ்டமாம். நாளைக்கு வீட்டுக்கு வர்றேன். நீங்க இருப்பீங்களா?"

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. வர இயலாது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, கூடத்தில் பாயை விரித்து வைத்தேன்.